ரேஷனை நிறுத்தியவர் தேசத் தந்தையா?

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் என் கையில் ஒரு பத்து டாலர் நோட்டைத் திணித்தார். ஊதா நிறம். பழைய நோட்டு. சுருட்டை முடியும் பெரிய மூக்குமாக ஒரு வெள்ளைக்காரர் அதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க இந்த ஆளு?"

"எங்க நாட்டு முதல் பிரதமர். ஜான் மெக்டொனால்ட். உங்களுக்குக் காந்தி மாதிரி எங்களுக்கு இவரு. தேசத் தந்தை" என்றார். அதோடு நிற்கவில்லை. "இப்ப புது நோட்டுல இவரை எடுத்துட்டாங்க. ஊர் ஊரா சிலையை வேற இழுத்துப் போடுறாங்க. அந்தக் காலத்து மனுசனை இந்தக் காலத்து அளவுகோலை வச்சு அளக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

காந்தி ஒப்பீட்டைப் பற்றி நாம் பேச நிறைய இருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு. அளவுகோல் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்தபின் வந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன். இது அந்த நண்பருக்கான பதில். அவரைப் போலவே 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லிக்கொண்டு நம்மிடையே நடமாடும் கனவான்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1815 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா தொழிலில் நொடித்துப் போனவர். 1820-ல் குடும்பம் கப்பலேறிக் கனடாவின் கிங்ஸ்டன் நகருக்கு வந்தது. பிழைக்க வழியில்லாமல் கடல் தாண்டி வந்த குடும்பம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பையன் பதினைந்து வயதில் வக்கீலிடம் வேலை கற்கச் சேர்ந்தான். 1844-ல் சட்டமன்றத்துக்குப் போனான். 1867 ஜூலை 1-ம் தேதி பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றுசேர்ந்து கனடா என்ற நாடு உண்டானபோது முதல் பிரதமர் ஆனார். 1873 வரை ஒரு தடவை, 1878 முதல் 1891-ல் சாகும்வரை மறு தடவை, ஆக ஏறத்தாழப் பத்தொன்பது வருச ஆட்சி.

இடையில் ஐந்து வருசம் ஏன் வெளியே இருந்தார்? லஞ்சம். பசிபிக் ரயில்பாதை ஒப்பந்தத்தைக் குறிவைத்த ஹியூ ஆலன் என்ற முதலாளியிடமிருந்து 1872 தேர்தலுக்குக் கட்டுக் கட்டாகப் பணம் வாங்கினார்கள். இன்னும் பத்தாயிரம் வேண்டும், இதுதான் கடைசி, கைவிட்டுவிடாதே, இன்றைக்கே பதில் சொல் என்று பிரதமரே ஆலனின் வக்கீலுக்குக் கொடுத்த தந்தி வெளியே வந்து நாறியது. 1873 நவம்பரில் பதவி விலகினார். ஆளைக் கேலி பண்ண அவருடைய குடியைப் பற்றி நூறு கதை சொல்கிறார்கள். அதை நான் தொடப்போவதில்லை. முதல் பிள்ளையைக் கைக்குழந்தையிலேயே பறிகொடுத்தவர், முதல் மனைவியைப் பல வருசம் படுக்கையில் பார்த்துப் பிறகு இழந்தவர். குடித்தார், குடித்துவிட்டுப் போகட்டும். அவர் குடித்ததால் ஒரு இனம் அழியவில்லை. நிதானமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதால் அழிந்தது.

இப்போது விசயத்துக்கு வருவோம்.

1869-70-ல் ஹட்சன் பே கம்பெனியிடமிருந்து கண்டத்தில் ஒரு பெரும் நிலப்பரப்பை 3 லட்சம் பவுனுக்குக் கனடா வாங்கியது. யாருடைய நிலம்? அங்கே ஆயிரமாயிரம் வருசமாகக் கிரீ மக்கள் இருக்கிறார்கள், பிளாக்ஃபுட் மக்கள் இருக்கிறார்கள், அசினிபாயின் மக்கள் இருக்கிறார்கள், பூர்வகுடித் தாய்களுக்கும் ஐரோப்பியத் தகப்பன்களுக்கும் பிறந்து தனி மக்களாக வளர்ந்த மெத்தி மக்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கம்பெனி விற்றது, சர்க்கார் வாங்கியது, பத்திரம் முடிந்தது. 'குடியிருப்பவனைக் கேட்காமல் மனையை விற்பது' என்பதை நம்ம ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஒப்பந்தம் போட்டார்கள். 1871 முதல் 1877 வரை ஏழு உடன்படிக்கைகள். 1876-ல் போட்ட ஆறாவது உடன்படிக்கையில் கிரீ தலைவர்கள் வாதாடி ஒரு சரத்தைச் சேர்க்க வைத்தார்கள்: பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் அரசாங்கம் உதவ வேண்டும். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காட்டெருமைதான் அந்தச் சமவெளி மக்களின் சோறு, துணி, கூரை எல்லாம். தோலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் சுட்டுத் தள்ளி எருமைக் கூட்டங்களை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். 1879 வாக்கில் கனடாவின் சமவெளியில் எருமை இல்லை. பஞ்சம் வந்தது.

சரி, சரத்து இருக்கிறதே, சோறு போட வேண்டியதுதானே?

1878-ல் மீண்டும் பிரதமரான மெக்டொனால்ட் தன் கையிலேயே இன்னொரு பொறுப்பையும் வைத்துக்கொண்டார்: இந்தியர் விவகாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர். 1887 வரை அது அவரிடமே இருந்தது. ஆகவே 'கீழே இருந்த அதிகாரி செய்தான், ஐயாவுக்குத் தெரியாது' என்ற பழைய பாட்டு இங்கே எடுபடாது. கோப்பு அவர் மேசைக்கு வந்தது.

கிடங்கில் மாவும் பன்றிக் கறியும் இருந்தன. கொடுப்பதற்கு நிபந்தனை வைத்தார்கள். உடன்படிக்கையில் கையெழுத்துப் போடு, சோறு. நாங்கள் காட்டுகிற ரிசர்வுக்குப் போ, சோறு. சைப்ரஸ் மலைப் பகுதியில் கூடியிருந்த ஆயிரக்கணக்கான மக்களை அங்கிருந்து கிளப்ப வேண்டும், ஏனென்றால் தெற்கே ரயில்பாதை வருகிறது. ரேஷனைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். 1882-ல் வால்ஷ் கோட்டையில் இருந்த போலீஸ் மருத்துவர் அகஸ்டஸ் ஜூக்ஸ் அந்த மக்களின் கதியைப் பார்த்து அறிக்கை எழுதினார்: பட்டினி, உடுக்கத் துணியில்லை, குளிர் வருகிறது. மேலிடம் அசையவில்லை. கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஆறு வருசம் நின்ற கிரீ தலைவர் 'பெரிய கரடி', தன் ஜனங்கள் கண்ணெதிரே பட்டினி கிடப்பதைப் பார்த்து 1882 டிசம்பரில் கையெழுத்துப் போட்டார். சண்டையில் தோற்றுப் போடவில்லை. சோற்றுக்காகப் போட்டார்.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. 1882 ஏப்ரலில் பாராளுமன்றத்திலேயே மெக்டொனால்ட் எழுந்து சொன்னார்: செலவைக் குறைப்பதற்காக, இந்தியர்கள் பட்டினிச் சாவின் விளிம்புக்கு வரும்வரை உணவை மறுத்து, நம் அதிகாரிகள் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்கிறார்கள் என்று. பெருமையாகச் சொன்னார். சபைக் குறிப்பில் இன்றைக்கும் இருக்கிறது.

நான் ஒரு நிமிசம் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். ரேஷன் கடை வரிசையில் நின்று, 'இன்னிக்கு இல்ல, நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி கேட்கும். பசி இயற்கையாக வரலாம். பசியை அளந்து, எந்த அளவு வரை விட்டால் பணிவான் என்று கணக்குப் போடுவது இயற்கை அல்ல, அது நிர்வாகம்.

ஒரு தகப்பனாக அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் உருகி எழுதுகிறார்கள். 1869-ல் பிறந்த மகள் மேரிக்குத் தலையில் நீர் கோத்த நோய். நடக்க முடியாது. வேலை முடிந்து வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துச் சொல்வாராம். நான் இதை நம்புகிறேன். நம்புவதால்தான் அடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

1879-ல் நிக்கோலஸ் பிளட் டேவின் என்ற பத்திரிகைக்காரரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கே செவ்விந்தியப் பிள்ளைகளுக்கு நடத்தும் தொழிற்பள்ளிகளைப் பார்த்துவரச் சொன்னார். அறிக்கை வந்தது. 1883-ல் அதே பாராளுமன்றத்தில் பிரதமர் பேசினார். பள்ளிக்கூடம் ரிசர்விலேயே இருந்தால் பிள்ளை காட்டுமிராண்டிகளான பெற்றோரோடு வாழும், எழுதப் படிக்கக் கற்றாலும் அது எழுதப் படிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகத்தான் இருக்கும், ஆகவே பெற்றோரின் பாதிப்பிலிருந்து முடிந்தவரை பிரித்துவிட வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். பாட்டில்ஃபோர்ட், குவாப்பெல், ஹை ரிவர் என மூன்று பள்ளிகள் அந்தத் திட்டத்தில் ஆரம்பமாயின. சர்க்கார் காசு, சர்ச் நிர்வாகம்.

தன் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்தவன் பிள்ளை அவன் பக்கத்தில் இருக்கவே கூடாது.

நூற்றைம்பது ஆயிரம் பிள்ளைகள், அதாவது ஒன்றரை லட்சம் பேர், நூறு வருசத்துக்கு மேல் அந்தப் பள்ளிகள் வழியாகப் போனார்கள். முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசினால் அடித்தார்கள். பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள். காசநோய் தின்றது. 1907-ல் இந்தியர் துறையின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் கணக்கெடுத்தார். அவருக்குப் பதில் அனுப்பிய பள்ளிகளில் படித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் செத்துப்போயிருந்தார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகும் பள்ளிகள் மூடப்படவில்லை. 1920-ல் கட்டாயமாக்கப்பட்டன. கடைசிப் பள்ளிகள் 1990-களில்தான் மூடின. 2008-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதைப் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்று எழுதியது. பள்ளிகளில் செத்த பிள்ளைகளில் 3,200 பேருக்கு மேல் அப்போதே பதிவு கிடைத்திருந்தது. எண்ணிக்கை அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது.

எங்கள் ஆட்கள் 'படி, படி' என்று உயிரைக் கொடுத்துக் கேட்டது பள்ளிக்கூடத்தைத்தான். அங்கே அந்த மக்களும் உடன்படிக்கையில் பள்ளி கேட்டிருந்தார்கள். தங்கள் ஊரில், தங்கள் பிள்ளைகள் இரவு வீட்டுக்கு வருகிற பள்ளி. கிடைத்தது பிள்ளை பிடிக்கிற பள்ளி. கல்வி நல்லதுதானே என்று மொட்டையாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். யார் யாருக்கு எதற்காகக் கற்பிக்கிறார்கள் என்று கேட்காமல் 'கல்வி' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு புனிதமும் கிடையாது.

1885-க்கு வருகிறேன். அந்த ஒரு வருசத்தை எடுத்துக்கொண்டால் போதும், இந்த மனிதர் யார் என்று தெரிந்துவிடும்.

மெத்தி மக்களுக்கு 1870 மனிடோபா சட்டத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்காக 14 லட்சம் ஏக்கர் ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தது மெக்டொனால்ட் அரசாங்கம். இழுத்தடித்தார்கள். அதற்குள் வெளியாட்கள் வந்து குவிந்தார்கள். மெத்தி மக்கள் மேற்கே தள்ளப்பட்டார்கள். அந்த இழுத்தடிப்பு அரசின் நாணயத்துக்குப் பொருந்தாதது என்று கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எப்போது தெரியுமா? 2013-ல். நூற்றி நாற்பத்து மூன்று வருசம் கழித்து.

மேற்கே சஸ்காச்சுவானிலும் நிலத்துக்குப் பட்டா இல்லை. மனுமேல் மனு போட்டார்கள். பதில் இல்லை. லூயி ரியேலைத் தலைவராகக் கொண்டு 1885 மார்ச்சில் எழுந்தார்கள். பட்டினி கிடந்த கிரீ இளைஞர்கள் ஏப்ரல் 2-ம் தேதி ஃப்ராக் லேக்கில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ரேஷன் மறுத்துவந்த இந்திய ஏஜெண்டும் அதில் ஒருவர், இரண்டு பாதிரிமாரும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாராளுமன்றத்தில் பட்டினியைப் பெருமையாகச் சொன்னவர்கள் அதற்குப் பிறகு 'எங்கிருந்து வந்தது இந்த வன்முறை?' என்று கேட்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ரயிலில் ராணுவம் வந்து இறங்கியது. மே 12-ல் பத்தோஷ் விழுந்தது. ரியேல் சரணடைந்தார். ரெஜைனாவில் விசாரணை. ஆறு பேர் கொண்ட ஜூரி. அத்தனை பேரும் ஆங்கிலம் பேசுகிற வெள்ளையர். குற்றவாளி என்று சொன்ன அந்த ஜூரிகூடக் கருணை காட்டச் சொன்னது. மெக்டொனால்ட் காட்டவில்லை. கியூபெக்கிலிருக்கும் ஒவ்வொரு நாயும் அவனுக்காகக் குரைத்தாலும் அவன் தூக்கில் தொங்குவான் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, செய்தார். நவம்பர் 16-ல் ரியேல் தூக்கிலிடப்பட்டார்.

நவம்பர் 27-ல் பாட்டில்ஃபோர்டில் எட்டுப் பூர்வகுடி ஆண்களை ஒரே மேடையில் தொங்கவிட்டார்கள். கனடாவின் வரலாற்றில் ஒரே நேரத்தில் அத்தனை பேரைத் தூக்கிலிட்டது அப்போதுதான். தொழிற்பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து நிறுத்திப் பார்க்க வைத்தார்கள் என்று கிரீ மக்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் தன் அதிகாரி டியூட்னிக்கு மெக்டொனால்ட் எழுதிய கடிதம் இருக்கிறது. வெள்ளை மனிதன்தான் ஆள்கிறான் என்பதை இந்தத் தூக்குகள் சிவப்பு மனிதனுக்கு உணர்த்த வேண்டும் என்று எழுதினார். இது நீதியின் பாஷை இல்லை. ஊர் நடுவே கட்டி வைத்து அடிக்கிறவன் பாஷை.

சண்டையைத் தடுக்கப் பார்த்த தலைவர்களான பெரிய கரடிக்கும் பவுண்ட்மேக்கருக்கும் மூன்று வருசம் ஜெயில். இருவரும் முழுத் தண்டனையும் முடியுமுன் உடல் நலிந்து வெளியே வந்து சீக்கிரமே செத்தார்கள். பவுண்ட்மேக்கர் குற்றமற்றவர் என்று கனடா அரசு சொன்னது 2019-ல்.

அதே சமயம் பாஸ் முறை வந்தது. ரிசர்வை விட்டு வெளியே போக வேண்டுமானால் ஏஜெண்டிடம் சீட்டு வாங்க வேண்டும். எதற்குப் போகிறாய், எத்தனை நாள், எல்லாம் எழுதி. இதற்குச் சட்டம் கிடையாது. எந்தச் சட்டமும் கிடையாது. சட்டமில்லை என்று தெரிந்தே மெக்டொனால்ட் ஒப்புதல் கொடுத்தார். எழுதாத சட்டம்தான் எழுதிய சட்டத்தைவிடப் பலமானது என்பது நமக்குத் தெரிந்த பாடம். சட்டமே இல்லாத அந்தப் பாஸ் முறை பல ரிசர்வுகளில் அரை நூற்றாண்டுக்கு ஓடியது.

அதே 1885-ல் ரயில்பாதையும் முடிந்தது. நவம்பர் 7-ல் கிரெய்கெல்லாச்சி என்ற இடத்தில் கடைசி ஆணியை அடித்தார்கள். புகழ்பெற்ற புகைப்படம். கோட்டுப் போட்ட தாடிக்காரர்கள் சூழ நிற்கிறார்கள். அந்த மலைப்பாதையை வெட்டிய சீனர்கள் அதில் இல்லை. பதினைந்தாயிரம் பேருக்குமேல் வந்து வேலை செய்தார்கள். நாளைக்கு ஒரு டாலர். வெள்ளைக்காரக் கூலிக்கு ஒன்றரை முதல் இரண்டரை. வெடிமருந்து வைக்கிற வேலை சீனனுக்கு. 600 பேருக்குக் குறையாமல் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1882-ல் இதே பிரதமர் சபையில் சொன்னார்: சீன உழைப்பு வேண்டும், இல்லையென்றால் ரயில்பாதை கிடையாது. பாதை முடிந்தது. உடனே தலைவரி. கனடாவுக்குள் வரும் ஒவ்வொரு சீனனும் 50 டாலர் கட்டு என்று 1885-ல் சட்டம்.

ஓட்டுரிமையும் கிடையாது என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் நம் வாசகர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1885 மே மாதம். கனடாப் பாராளுமன்றம். சீனர்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் பிரிட்டிஷ் அமெரிக்காவின் வருங்கால 'ஆரியத் தன்மை' அழிந்துவிடும் என்றார். ஆரிய இனத்துக்கும் ஆரியக் கொள்கைகளுக்கும் அருவருப்பானவை அவர்களுடைய வழக்கங்கள் என்றார். அந்த இனமும் இந்த இனமும் கலப்பது நாயும் நரியும் கலப்பது போல, ஒருநாளும் தேறாது என்றார்.

ஆரியம்! கிளாஸ்கோவில் பிறந்து கிங்ஸ்டனில் வளர்ந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரன் வாயில்! இங்கே வேதம் ஓதியவன் தன்னை உயர்த்திக்கொள்ளச் சொன்ன சொல். ஐரோப்பிய மொழி ஆராய்ச்சிக்காரர்கள் அதை எடுத்துப்போய் ஓர் இனத்தின் பெயராக்கினார்கள். அது கடல் தாண்டி, ரயில் கூலியின் ஓட்டைப் பறிக்கிற சட்ட வாதமாகி நின்றது. யாரோடு யார் கலக்கலாம், யார் ரத்தம் யாரைக் கெடுக்கும் என்ற அந்தக் கவலை எங்கிருந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ஆரிய இனம் என்ற கோட்பாடே பொய் என்று 1946-ல் 'சூத்திரர்கள் யார்?' நூலில் அம்பேத்கர் வாதாடினார். பொய்தான். ஆனால் பொய்க்கு ஓட்டைப் பறிக்கிற கை இருந்தது, வரி வாங்குகிற கை இருந்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 'அந்தக் காலத்து மனுசன்.'

எந்தக் காலத்து மனுசன்? அந்தக் காலத்தில் அவர் ஒருத்தர்தான் இருந்தாரா? பெரிய கரடி அந்தக் காலத்து மனிதர் இல்லையா? கியூபெக்கில் ரியேலுக்காகத் தெருவில் இறங்கிய ஆயிரக்கணக்கானோர்? ஜூக்ஸ் என்ற டாக்டர் வெள்ளைக்காரர்தான், சர்க்கார் சம்பளம் வாங்கியவர்தான், அவர் கண்ணுக்குப் பட்டினி தெரிந்ததே? 1886-ல் மால்கம் கேமரன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் இதே பாராளுமன்றத்தில் எழுந்து, இந்த மக்களைப் பட்டினி போட்டீர்கள் என்று மணிக்கணக்கில் ஆதாரத்தோடு சாடினாரே, அவர் எந்தக் காலத்து மனுசன்? 'காலம்' என்று நீங்கள் சொல்வது அதிகாரத்தில் இருந்தவனின் மனசாட்சியைத்தான். அடிபட்டவனுக்கும் அதே காலம்தான். அவனுக்கு அது அநியாயம் என்று அன்றைக்கே தெரியும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய ஆதரவாளர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. பஞ்ச நிவாரணத்துக்கு அவர் பணம் ஒதுக்கினார். எதிர்க்கட்சி லிபரல்கள் அந்தச் செலவும் அதிகம் என்றார்கள். 1882 பேச்சே அவர்களுக்குப் பதில்தான். 1885 வாக்குரிமைச் சட்டத்தில் கிழக்கு மாகாணங்களில் சொத்துள்ள பூர்வகுடி ஆண்களுக்கு ஓட்டுக் கொடுத்தார். அவர் செத்தபின் 1898-ல் லிபரல்கள் அதையும் பிடுங்கினார்கள். பிறகு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனத் தலைவரியை 1903-ல் 500 டாலராக உயர்த்தியதும் லிபரல் ஆட்சிதான். 1923-ல் கதவையே சாத்தினார்கள். அதற்குள் சீனக் கூலிகளிடமிருந்து வாங்கிய தலைவரி மொத்தம் 2 கோடியே 30 லட்சம் டாலர். ரயில் கம்பெனிக்கு மெக்டொனால்ட் அரசு தூக்கிக் கொடுத்தது இரண்டரைக் கோடி டாலரும் இரண்டரைக் கோடி ஏக்கர் நிலமும். கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? மெக்டொனால்டை விடுவிக்க அல்ல. மற்றவர்கள் தப்பிக்கக் கூடாது என்பதற்காக. 'எதிர்க்கட்சி இன்னும் மோசம்' என்பது அவருக்கு நற்சான்று ஆகாது, அந்த மொத்த சபைக்கும் குற்றப்பத்திரிகை ஆகும். இங்கேதான் சிலையை இழுத்துப் போட்ட இளைஞர்களோடும் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது.

2018-ல் விக்டோரியா நகர மன்றம் சிலையை எடுத்தது. அதே வருசம் புது நோட்டு வந்தது. 1946-ல் நோவா ஸ்கோசியாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்ததற்காக இழுத்துப் போகப்பட்ட கறுப்பினப் பெண் வயோலா டெஸ்மண்ட் அந்த இடத்துக்கு வந்தார். எனக்குச் சந்தோசம்தான். 2020 ஆகஸ்டில் மான்ட்ரியலில் சிலையைக் கயிறு கட்டி இழுத்தார்கள், தலை தனியாக விழுந்தது. 2021-ல் சார்லட்டவுனில் எடுத்தார்கள். அவர் வளர்ந்த கிங்ஸ்டனிலேயே எடுத்தார்கள். ஹாமில்டனில் கூட்டம் தள்ளியது. சிலை விழுந்ததற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். 'வரலாற்றை அழிக்கிறார்கள்' என்று அழுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அந்தச் சிலைகள் இத்தனை வருசமாக நின்றனவே, பீடத்தில் எங்காவது ரேஷனை நிறுத்தினார் என்று எழுதியிருந்ததா? சிலை வரலாற்றைச் சொல்லவில்லை. மறைத்து நின்றது. விழுந்தபிறகுதான் என்னைப் போன்றவன் அவரைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

ஆனால் தோழர்களே, வெண்கலத்தைக் கிடங்கில் போட்டாயிற்று, 1876-ல் நிறைவேற்றிய இந்தியர் சட்டம் எங்கே? திருத்தித் திருத்தி இன்றைக்கும் அமலில் இருக்கிறது. பெயர்கூட மாறவில்லை. அந்தச் சட்டம் வந்தபோது மெக்டொனால்ட் எதிர்க்கட்சியில்தான் இருந்தார், லிபரல் ஆட்சி கொண்டுவந்தது. பிறகு வந்து அதை இறுக்கினார். 1884-ல் மேற்குக் கடற்கரை மக்களின் பொட்லாட்ச் விழாவைத் தடை செய்து திருத்தினார். கூடி உண்டு, கொடுத்து மகிழ்வதைக் குற்றமாக்கினார். அந்தத் தடை 1951 வரை இருந்தது. 2015-ல் கனடாவில் 105 நீண்டகாலக் குடிநீர் எச்சரிக்கைகள் பூர்வகுடிக் குடியிருப்புகளில் இருந்தன. காய்ச்சாமல் குடிக்காதே, சில இடத்தில் குடிக்கவே குடிக்காதே. உலகத்தின் நன்னீரில் பெரும் பங்கு வைத்திருக்கிற நாட்டில்! ஒரே ஓர் ஆளைப் பேயாக்கி, அவர் தலையை உடைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று அரசாங்கம் நினைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. ஒரு செத்த பிரதமரைக் கைவிடுவது இன்றைய பிரதமர்களுக்கு மலிவான வேலை. நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் விலை அதிகம்.

கடைசியாக என் நண்பருக்கு. நீங்கள் போர் துரத்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நாட்டுக்குப் போனவர். உங்களைப் போல ஆயிரமாயிரம் ஈழத் தமிழர்கள் 1983-க்குப் பிறகு அங்கே கரை சேர்ந்தார்கள். 1986-ல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்ப்படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அந்த நன்றி உங்களுக்கு இருக்கட்டும். மெக்டொனால்ட் குடும்பமும் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டி வந்த குடும்பம்தான் என்று முதலில் சொன்னேன். வந்தவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆரியத் தன்மை கெட்டுவிடும்' என்று அவர் கதவடைத்தது சீனனுக்கு மட்டும் என்று நினைக்கிறீர்களா? அந்தக் கதவு உங்களுக்கும் சேர்த்து அடைத்த கதவு. அதைத் திறக்க வைத்தவர்கள் நோட்டில் இருந்தவர்கள் இல்லை.

2021 முதல் கனடாக் குடியுரிமை உறுதிமொழியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கிற அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படுவேன் என்று புதிதாகக் குடியுரிமை வாங்குகிறவர் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். நீங்கள் அதற்கு முன்பே வாங்கிவிட்டதால் அந்த வரியைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். இப்போது சொல்லுங்கள். உங்கள் வீடு எந்த உடன்படிக்கை நிலத்தில் இருக்கிறது, அங்கே யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று விசாரியுங்கள். அவர்கள் கூட்டம் போட்டால் போய் உட்காருங்கள்.

அந்தப் பத்து டாலர் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது திருப்பித் தந்துவிடுகிறேன்.